ஞாயிற்றுக்கிழமைக் கிதார்

கிதாரில் விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக் கைதட்டுகிற ஆட்களை எனக்கு ஆகவே ஆகாது. வேகம்தான் வேண்டுமென்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்து நிற்கட்டும். காலி கண்டெய்னரோடு ட்ரெய்லர்காரன் போகிற போக்கைப் பார்த்துக் கைதட்டட்டும். தனி வாசிப்பு என்பது வேறு சங்கதி. பாடிக்கொண்டிருந்தவர் வாயை மூடிவிடுவார். மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ளும். மிச்சம் இருப்பது ஒரு ஆள், ஒயர் மாட்டாத ஒரு மரப்பெட்டி, ஆறு கம்பி. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கனடாவில் இருக்கிற என் மனைவி செல்லக்கனிக்கு வீடியோ காலில் சொல்வேன். சொல்லிவிட்டு வாசித்தும் காட்டுவேன்.

என் பெயர் அருமைநாயகம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்மண்டபம் பகுதியில் விசைப்படகுக்காரர்களுக்குக் கயிறு, மிதவை, தூண்டில் நரம்பு விற்கிற கடை வைத்திருக்கிறேன். வீடு திருவொற்றியூரில், விம்கோ நகரை ஒட்டி, நெடுஞ்சாலையைப் பார்த்த மாடி. எங்கள் மகள் ஷெர்லின் கனடாவில் நர்ஸ். அவள் பிரசவத்துக்குத்தான் செல்லக்கனி போனாள். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி, குளிருக்கு ஸ்வெட்டர்கூட இரவல் வாங்கிக்கொண்டுதான் போனாள். ஆறு மாதம் முடிகிற சமயம் பிள்ளைக்குக் காதில் சீழ். அப்புறம் ஷெர்லினுக்கு லீவு முடிந்தது. அப்புறம் விசாவை நீட்டிக்க எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள். நீட்டித்தும் கிடைத்துவிட்டது. எனக்கு அந்த நாட்டு அரசாங்கத்தின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நம் ஊர் ஆபீசாக இருந்தால் இழுத்தடித்து இல்லையென்று சொல்லியிருப்பான். அவன் கேட்டதும் கொடுத்துவிட்டான்.

அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? எனக்கு வேறு கவலையே இல்லை. கடையில் கயிறை அளக்கும்போதும் அதுதான். மெஸ்ஸில் வாங்கிய குருமாவைத் தனியாக உட்கார்ந்து ஊற்றிக்கொள்ளும்போதும் அதுதான். பேச்சுத் துணை இல்லாத வீட்டில் மனுஷன் தன் செருப்புச் சத்தத்தையே யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும். எரிச்சல் பட்டுக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே.

மருமகன் அஜின் கெட்டிக்காரப் பையன். செல்லக்கனியைக் கனடாவுக்குக் கூட்டிப்போக வந்தபோது எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி போன் வாங்கித் தந்து, அதில் என்னென்னவோ தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனான். "மாமா, இனி லாரிச் சத்தம் போகாது. நீங்க பேசுறது மட்டும்தான் அத்தைக்குக் கேக்கும்" என்றான். சொன்னபடியே முதல் நாளே செல்லக்கனி ஆச்சரியப்பட்டாள்.

"இந்தாருங்க, ஒரு ஹாரன்கூட கேக்கலியே. வேற ஏதோ ஊர்ல உக்காந்து பேசுத மாதிரில்லா இருக்கு!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில். சாப்பிட்டுவிட்டு மதியமெல்லாம் பயிற்சி. இங்கே இருட்டுகிற நேரம் அங்கே காலை. செல்லக்கனி போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டபடி முக்காலியில் உட்காருவாள். நான் எடுத்ததும் கேட்பேன்: "ஏளா, எப்ப வருத?"

"பாப்போம்" என்பாள். அதற்குப் பிறகு கிதாரை எடுப்பேன். அவள் இங்கே இருந்தவரைக்கும் அதைக் கடையில்தான் வைத்திருந்தேன், அவள் முன்னால் வாசித்ததே இல்லை.

ஒரு வாரத்துக்கு ஒரு தனி வாசிப்பு. எல்லாம் எனக்குப் பிடித்தவை. பலவற்றுக்குப் பெயரே தெரியாது. துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் விற்றுவிட்டுப் போன கேசட்டுகளைக் கல்மண்டபத்தில் குவித்துப்போட்டு விற்ற காலத்தில் நான் பொறுக்கியவை அவை. ஒட்டிய காகிதம் கிழிந்து போயிருக்கும், வாசித்தவன் எந்தத் தேசம் என்றுகூடத் தெரியாது. நானே பெயர் வைத்துக்கொள்வேன்.

ஒன்றுக்குப் 'பொறுமைசாலி' என்று பெயர். நைலான் கம்பிக் கிதார். அவன் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறான். செல்லக்கனிக்கு அதைச் சொல்லிப் புரியவைத்தேன். "வயலின்னா வில்லைப் போட்டு இழுத்துக்கிட்டே இருக்கலாம். ஆர்மோனியத்துல காத்து இருக்கறவரைக்கும் ஊதலாம். கிதார்ல அது முடியாது. கம்பிய விட்ட அடுத்த நொடியே அந்தச் சத்தம் சாக ஆரம்பிச்சிரும். தெரியாதவன் அது சாகுறதுக்குள்ள அடுத்ததப் போட்டு மூடிருவான். இவன் மூட மாட்டான். கூட இருந்து வழியனுப்பிட்டுத்தான் அடுத்ததத் தொடுவான்." அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே உம் கொட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

இன்னொன்றில், உலோகக் கம்பியில் விரல் நகரும்போது கீச் கீச்சென்று கேட்கும். பதிவு செய்தவன் அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறான். அது அழுக்கு என்பது என் கட்சி. வியாசர்பாடியில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிற என் சிநேகிதன் பகலவன் அதற்கு நேர் எதிர்க் கட்சி. கயிறு வாங்க வந்தவன், கடையில் ஓடிக்கொண்டிருந்த கேசட்டைக் கேட்டுவிட்டு, அன்றைக்குக் கயிறே வாங்காமல் சண்டை பிடித்தான். அப்படி வந்த பழக்கம். "அந்தக் கீச்சு இல்லாங்காட்டி மிசினு வாசிச்சா மேரி இருக்கும் அண்ணாச்சி. அது அவன் கையி. கையி ஓரெடத்துல இருந்து இன்னோரெடத்துக்குப் போவுது, அத்தக் கேக்கறதுக்குத்தான நாம குந்திகினு கீறோம்" என்பான். வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, கடைசியில் நான்தான் அவன் பக்கம் போனேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். செல்லக்கனியிடம் மட்டும் சொன்னேன்.

மூன்றாவது, ஒரு மேடையில் பதிந்தது. பாதியில் கம்பி அறுந்துவிடுகிறது, பட்டென்று கேட்கும். அவன் நிறுத்தவில்லை. அந்தக் கம்பியில் வரவேண்டிய சுரம் வருகிற இடத்தில் எல்லாம் சும்மா இருந்துவிட்டு மேலே போகிறான். கேட்கிற நம் மனசு அங்கே அந்தச் சுரத்தைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. அந்த இடங்கள்தான் அதில் உச்சம். அதைப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அன்றைக்கு வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது செல்லக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருந்துச்சுங்க" என்றாள்.

அவள் அழுதது எனக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது. இவ்வளவு தூரம் போயும் என் விரல் அவளைத் தொட்டுவிட்டது, இனி வந்துவிடுவாள் என்று மனக்கோட்டை கட்டினேன். பாயைத் தட்டிப் போட்டேன். அவளுடைய மீன்சட்டியைக்கூடக் கழுவி வைத்தேன்.

அடுத்த வாரத்துக்கு ஒரு கஷ்டமான வாசிப்பை எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு இடம் எனக்குச் சரியாக வரவில்லை. பகலவனிடம் கேட்கலாமென்று பார்த்தால் அவன் கொடுங்கையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான். வீடியோ காலில் பிடித்தேன். "ஒரு நிமிசம் கேளுய்யா" என்று சொல்லிவிட்டு வாசித்தேன். முடித்ததும், "எப்படி?" என்றேன்.

"இன்னா அண்ணாச்சி, கையி மட்டும் ஆடுது. ஒண்ணியும் கேக்கலியே."

"டவர் இல்லியா?"

"நீ பேசறது கணீர்னு கேக்குது. வாசிச்சா கப்சிப்னு ஆயிடுது. இன்னொரு தபா வாசி."

வாசித்தேன். "ஊஹூம்" என்றான்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மண்டபத்து இரைச்சலில் இவனுக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் பகலவனே வீட்டுக்கு வந்துவிட்டான். சத்தம் சம்பந்தமான எதையும் அவனால் அப்படியே விட முடியாது. தன் போனை என் கையில் கொடுத்து, "மாடிப்படிக்குக் கீழ போய்க் கேளு" என்றான். அவன் மேலே என் போனை முன்னால் வைத்துக்கொண்டு, கிதாரை எடுத்துத் கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற, தனக்குத் தெரிந்த மூன்று 'கார்டு'களையும் அடி அடியென்று அடித்தான். கதவு வழியாக அந்தச் சத்தம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. என் காதில் வைத்திருந்த போனில் ஒன்றும் இல்லை. எப்போதாவது தண்ணீருக்குள் யாரோ பெஞ்சைத் தட்டுகிற மாதிரி ஒரு டொக்கு. அவ்வளவுதான். அப்புறம், "கேக்குதா அண்ணாச்சி?" என்ற அவன் குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வந்தது.

நான் மேலே ஏறி வந்தேன். அவன் போனைக் குடைந்து, ஒரு இடத்தைக் காட்டினான். 'குரல் மட்டும்' என்கிற மாதிரி ஒரு பட்டன். அதற்குக் கீழே எல்லாச் சத்தத்தையும் விடுகிற இன்னொரு பட்டன்.

"உம் மருமவன் நல்லதுக்குத்தான் போட்டுக்கினு போயிருக்கான். இதுக்கு மனுசன் கொரலு ஒண்ணுதான் தெரியும். மிச்சம் அல்லாம் கலீஜுன்னு தள்ளிடும். லாரி ஹாரனும் அதுக்குக் கலீஜு, உன் கிதாரும் அதுக்குக் கலீஜு." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்தவன் சட்டென்று நிறுத்தி, "அப்ப அண்ணி இத்தினி மாசமா இன்னாத்தக் கேட்டுகினு இருந்தாங்க?" என்றான். என் முகத்தைப் பார்த்ததும், டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க நான் யாருக்கும் நல்லவனாக இல்லை. கயிறு மெலிசாக இருக்கிறதே என்று கேட்டவரிடம், வேண்டுமென்றால் நங்கூரச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போ என்று கத்தினேன். பழகிய படகுக்காரர் ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். எனக்கு மனசுக்குள் ஒரே படம்தான் ஓடியது. நான் இங்கே கண்ணை மூடி உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன், அவள் அங்கே ஒன்றும் கேட்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். முடிந்ததும் நல்லாருந்துச்சு என்கிறாள். சிறு பிள்ளை மண்ணில் சோறு ஆக்கிக் கொடுத்தால் சாப்பிட்டேன் என்று சொல்வோமே, அந்த மாதிரி. அவமானமாக இருந்தது. அந்த அழுகை? அதுவும் வெங்காயத்துக்குத்தானா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டனை மாற்றவில்லை. வழக்கம்போலக் கூப்பிட்டேன், வழக்கம்போல, "ஏளா, எப்ப வருத?" என்று கேட்டேன். அவளும், "பாப்போம்" என்றாள். கிதாரை எடுத்தேன். அன்றைக்கு ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. கம்பிக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் இரண்டு கையையும் ஓட்டினேன். தலையை ஆட்டினேன். கண்ணை மூடுகிற மாதிரி வைத்துக்கொண்டு இமைக்குக் கீழே அவளைப் பார்த்தேன்.

அவள் வெங்காயம் நறுக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. தோளில் பிள்ளை தூங்குகிறது, அவள் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினேன்.

"நல்லாருந்துச்சுங்க."

"நான் இன்னிக்குக் கம்பியத் தொடவே இல்ல."

அவள் பதறவில்லை. பிள்ளையை மெல்ல இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"எப்பத்துலேந்து கேக்கல?"

"மொத நாள்லேந்தே கேக்கல."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொன்னா என்ன?"

"சொல்லணும்னுதாங்க இருந்தேன். மொத வாரம் டவர் இல்லன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் சொல்ல வாயெடுத்தேன், நீங்க கண்ணை மூடிட்டீய. ஒங்க மொகத்த நான் இவ்வளவு நேரம் உக்காந்து பாத்ததே இல்ல பாத்துக்கிடுங்க. கடைக்கு ஓடுவீய, வந்து சாப்பிடுவீய, கோவப்படுவீய. இங்க வந்துதான் பாத்தேன். அந்தக் கம்பி அறுந்த கதைய சொல்லி வாசிச்சியள்லா, அன்னிக்கு எனக்கு ஒண்ணும் கேக்கல, ஆனா எங்கன எங்கன சும்மா இருக்கீயன்னு தெரிஞ்சுது. அழுதுட்டேன்."

என் கோபம் பிடிமானம் இல்லாமல் நின்றது. அவள் விடவில்லை. ஒருவேளை அவளும் பல மாதமாக அடக்கி வைத்திருந்தாளோ என்னவோ.

"இன்னொண்ணும் சொல்லிருதேன். போனை எடுத்தா எப்ப வருதன்னு கேப்பீய. வைக்கும்போதும் எப்ப வருதன்னு கேப்பீய. வாசிக்கிற நேரம் மட்டுந்தான் அதக் கேக்க மாட்டீய. அந்த நேரந்தான் எனக்கு ஒங்ககிட்டப் பொய் சொல்ல வேண்டாம். அதான் சொல்லல. சொன்னா வாசிக்கத நிறுத்திருவீய."

பொய் என்றாளே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. பாப்போம் என்பதுதான் பொய் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருந்துவிடலாம் என்று பார்த்தேன். வாசிப்பைக் கேட்டதே இல்லையே இவள், ஒரு தடவை கேட்டுவிட்டால் மனசு மாறாதா என்று தோன்றியது. புத்தி அப்படித்தான் போகும்.

"அப்ப இன்னிக்குக் கேளு" என்று சொல்லி, பகலவன் காட்டிய இடத்தைத் தேடி எல்லாச் சத்தத்தையும் திறந்துவிட்டேன்.

பொறுமைசாலியை எடுத்தேன். முதல் சுரத்தை மீட்டிவிட்டுக் காத்திருந்தேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. செல்லக்கனி போன் பக்கம் குனிந்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. இரண்டாவது சுரம், மூன்றாவது.

"இவ்வளவு மெதுவாவா ஓயுது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நான் கம்பிய விட்டதும் சத்தம் நின்னுரும்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க."

இவள் வருவாள் என்று அந்த நொடியில் சத்தியமாக நம்பினேன்.

நாலாவது சுரம் ஓய்வதற்குள் கீழே ட்ரெய்லர்கள் வந்துவிட்டன. துறைமுகத்துக்கு வரிசை நகர ஆரம்பித்திருக்க வேண்டும். முன்னால் போகிறவன் ஹாரனை அழுத்தி விடாமல் பிடித்தான், பின்னால் வந்தவன் அதற்குப் பதில் கொடுத்தான், பிரேக் காற்று சீறியது, ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. எனக்கு இதெல்லாம் காதில் விழுவதே இல்லை. அங்கே பிள்ளை வீறிட்டு எழுந்தது. உள்ளேயிருந்து ஷெர்லின், "அம்மா, என்ன சத்தம்?" என்றாள். செல்லக்கனி ஒரு கையால் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் மேலே ஏறிவிட்டன. கண் சுருங்கி, பல் கடித்து, நெற்றி நடுவில் இரண்டு கோடு விழுந்தது.

"பரவால்லங்க. நீங்க வாசிங்க" என்றாள்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அவளுக்கு இருந்த முகம் அது. செல்லக்கனியின் முகமே அப்படித்தான் என்று இவ்வளவு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கன்னத்தைத் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அது யாருடைய முகம் என்று நான் யோசிக்கவே இல்லை.

போனை எடுத்துப் பட்டனைப் பழையபடி மாற்றினேன். அங்கே ஹாரன் நின்றுவிட்டது என்பது அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. மெல்ல இறங்கின. நெற்றியில் இருந்த கோடு போயிற்று. கீழே ட்ரெய்லர்கள் எனக்கு மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"இப்ப ஒண்ணும் கேக்கலியே" என்றாள்.

"தெரியும்."

பிள்ளை விசும்பி ஓய்கிற வரைக்கும் அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் வரலங்க."

அந்தப் போன் குரலை எவ்வளவு சுத்தமாகக் கொண்டுவருகிறது! ஒரு எழுத்துக் குறையாமல் என் காதுக்குள் வந்து சொன்ன மாதிரி கேட்டது. கத்த வேண்டும் போலவும் இருந்தது, ஏன் என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கேட்பதற்குத்தான் ஒன்றும் மிச்சம் இல்லை.

"வாசிக்கட்டுமா?" என்றேன்.

"வாசிங்க" என்றாள்.

கிதாரை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.